கொட்டகை ஓர்கனும் கோயில் ஓர்கனும்

மன்னாரில் நம் வயதுக்காரர் எவரிடமாவது அந்தப் பழைய படக்கொட்டகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். படங்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "ஓ, கோயில் ஓர்கனைக் களவெடுத்து வைச்சிருந்த இடம்தானே?" என்றுதான் தொடங்குவார்கள். அண்மையில் ஒரு செத்தவீட்டில்கூட, பின்வளவில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு நாமெல்லாரும் இருந்தபோது, நம்மோடு படித்த ஒருத்தி அதையே சொன்னாள். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவீட்டில் வைத்துப் பேசுகிற கதையல்ல அது. ஆனால் அந்த ஓர்கனைக் கழற்றிப் பார்த்த நாளில் நான் அங்கே நின்றேன். கழற்றியவர் என் அப்பா. ஆகவே ஒருக்கால் கேளுங்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. எதையும் ஒரேயடியாக நம்புகிற பழக்கம் இந்தத் தீவில் எவருக்கும் இருந்ததில்லை.

கொட்டகை என்று நாம் சொன்னோமே தவிர, அதைக் கட்டிய முதலாளி அதை மாளிகை என்றுதான் நினைத்திருந்தார். கருவாடும் சங்கும் கொழும்புக்கு ஏற்றிய முஸ்லிம் வியாபாரி அவர். இளவயதில் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றபோது ஊமைப்படம் பார்க்கப் போயிருக்கிறார். படத்தைவிட, திரைக்குக் கீழே ஒருவர் இருந்து வாசித்த ஓர்கன்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. திரையில் குதிரை ஓடினால் ஓர்கனும் ஓடுமாம். தாய் அழுதால் அதுவும் அழுமாம். பிறகு பேசும்படம் வந்தது. ஓர்கனை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். உலக யுத்தம் முடிந்து, கையில் நாலு காசு சேர்ந்து, மன்னாரில் தனக்கென்று ஒரு படமாளிகை எழுப்பியபோது, முதலாளி அந்த ஓர்கனைத் தேடிப்போய் வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் அவருடைய மகள் எனக்குச் சொன்னது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் அவள் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவள். அவர்களுடைய வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவால் நான் எத்தனை தரம் நுழைந்திருப்பேன் என்று என் அம்மாவுக்கே தெரியாது.

முகப்பில் சுண்ணாம்பில் செய்த இரண்டு மயில்கள் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உப்புக்காற்று அவற்றின் கொண்டையையும் தோகையையும் தின்று, நாம் பார்க்கும் காலத்தில் அவை கோழிகளாகிவிட்டன. நடுப்பகலில் கழுதைகள் வந்து முகப்பு நிழலில் படுத்துக் கிடக்கும். உள்ளே மேல்மாடியில் பெண்களுக்கு இடம், முன்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை. வெளிச்சம் அணைந்த பிறகுதான் அதை விலக்குவார்கள். காற்றுத் திரும்பினால் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் காயப்போட்ட மீனின் வாடை கதாநாயகியின் முகத்தோடு சேர்ந்து வரும்.

திரைக்கு வலதுபக்கம் ஓர்கன். ஆளுயரத்துக்கு மேலே பொன்னிறக் குழல்கள் வரிசையாக நிற்கும். அவை பொய்க்குழல்கள். அலங்காரத்துக்கு வைத்தவை. காலால் மிதித்து ஊதுகிற காற்று, உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளில் பட்டுத்தான் சத்தம் வரும். இது தெரிந்த நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். "பாக்கிறதுக்கு ஒண்டு, சத்தம் வாறது வேற இடத்தால" என்று முதலாளியின் மகளிடம் குறைசொன்னேன்.

பேசும்படக் கொட்டகையில் ஓர்கன் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே படம் காட்டும் மெஷின் ஒன்றுதான் இருந்தது. ஒரு சுருள் முடிந்து மற்றதைப் போடும்வரை இருட்டில் சனம் விசிலடிக்கும், சண்டை பிடிக்கும். அந்த இடைவெளிக்குத்தான் ஓர்கன். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற எஞ்சின் நின்றுபோனாலும் ஓர்கன் நிற்காது. அதற்கு வேண்டியது இரண்டு கால்கள் மட்டும். படம் எந்த இடத்தில் அறுந்ததோ, அந்த இடத்தின் உணர்ச்சியை விடாமல் பிடித்து வாசிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளை நாங்கள் ஓர்கன் மாமி என்றோம். பெரியவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது இங்கே வேண்டாம்.

மாமி நீர்கொழும்புப் பக்கத்தவள். தலைமன்னார் ரயிலில் வேலைபார்த்த புருசன் செத்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. கத்தோலிக்கப் பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். ஆனால் விதவை, வர்ணச் சேலை கட்டுகிறவள், கொட்டகைக்குப் பின்கதவால் போய்வருகிறவள். பகலில் முன்கதவு பூட்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பின்கதவு பின்கதவுதான். கோயிலில் அவள் இருக்கும் வாங்கில் மற்றப் பெண்கள் கொஞ்சம் இடம்விட்டுத்தான் இருப்பார்கள்.

இனிக் கோயில் ஓர்கனுக்கு வருகிறேன். நம் கத்தோலிக்கக் கோயிலில் முன்பு ஒரு ஓர்கன் இருந்தது. வெள்ளைக்காரச் சுவாமியார் காலத்தில் வந்தது. நான் பிறப்பதற்கு முன் ஒருநாள், அதை வைத்திருந்த கோயில் பின்னறையில் அது இல்லை. களவு போய்விட்டது என்று ஊர் சொன்னது. கொஞ்சக் காலத்தில் முதலாளியின் கொட்டகையில் ஒரு ஓர்கன் வந்து இறங்கியது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? ரயிலில் வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். "ரயிலில ஏத்தி ரெண்டு ஸ்டேஷன் தள்ளிக் கொண்டுபோய், பிறகு அதே ரயிலில திருப்பிக் கொண்டுவந்தா ஆருக்குத் தெரியும்?" என்று அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது.

அப்பா கோயிலின் மூப்பர். ஊரார் சார்பில் கோயிலைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர். உயரமான மனிதர், குரலும் உயரம். ஓர்கன் களவைப் பற்றி அவரைப்போல உறுதியாகப் பேச இன்னொருவர் இல்லை. முன் பலகையில் சிலுவை இருந்தது, இருபக்கமும் குருத்தோலை செதுக்கியிருந்தது என்று காற்றில் விரலால் கீறிக் காட்டுவார். கொட்டகை ஓர்கனின் முன்பலகைக்கு முதலாளி மண்ணிறப் பெயின்ற் அடித்திருந்தார். கறையானுக்காக என்று அவர் சொன்னார். அப்பா சிரிப்பார். "கறையானுக்கோ, சிலுவைக்கோ?"

நான் சொல்லுகிற தவக்காலம், பெரிய புயலுக்கு முந்தியது. தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும், நம் சனம் படம் பார்க்கக்கூடாது. ஆகவே எல்லாரும் எல்லாரையும் வேவு பார்த்தார்கள். அப்பா பின்னேரங்களில் கொட்டகைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் போய் நிற்பார், உள்ளே போகிற முகங்களைப் பார்க்க. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு போகிற மீனவர்களை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவர்களுக்கு ஏச்சு இருக்கும். சனம் குறைந்ததால் முதலாளியும் கிழமை நாட்களில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்படியான ஒரு வெறும் நாளில்தான், வெயில் கொளுத்துகிற மத்தியானம், பூட்டிக் கிடந்த கொட்டகைக்குள்ளிருந்து கோயில் பாட்டுக் கேட்டது. உயிர்ப்பு ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்குப் பாடுகிற பாட்டு. தவக்காலத்தில் கோயிலிலேயே வாத்தியம் வாசிப்பதில்லை. தெருவில் போன பெண்கள் நின்றார்கள். ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாள்: "கேட்டனீங்களே? அதுக்கே தெரியுது தான் ஆரின்ர சாமான் எண்டு. தன்ர பாட்டைத் தானே படிக்குது."

நானும் முதலாளியின் மகளும் மதில் கதவால் உள்ளே போய்ப் பார்த்தோம். பேயுமில்லை, அற்புதமுமில்லை. மாமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் வியர்வை.

"என்ன மகள், ஒளிஞ்சு நிக்கிறீங்கள்? வாங்க" என்றாள் திரும்பாமலே.

"ஏன் மாமி கோயில் பாட்டு வாசிக்கிறீங்கள்?"

"உங்கட சுவாமி கேட்டவர். உயிர்ப்புக்கு வாசிக்கச் சொல்லி. கை பழகவேணாமா?"

அப்போதுதான் புதிதாக ஒரு இளம் சுவாமியார் வந்திருந்தார். கோயிலில் இருந்த ஆர்மோனியம் ஆஸ்துமாக்காரன் போல இழுக்கும். அவர் மாமியைக் கேட்டார். மாமி முதலாளியைக் கேட்டாள். முதலாளி, ஓர்கனையே உயிர்ப்புத் திருநாளுக்குக் கோயிலில் கொண்டுவந்து வைக்கலாம், முடிந்தபிறகு திருப்பித் தந்தால் போதும் என்றார்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

"எங்கட சாமானை எங்களுக்கே இரவல் தாறாராம்! கேட்டியே?"

அம்மா குழம்புச் சட்டியை மூடினாள். "விடுங்கோவன். உது ஆற்றயோ சாமான். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவோ? நான் மூப்பர்!"

"ஓம். நீங்கள் மூப்பர்தான்" என்றாள் அம்மா. அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு அந்த வயதிலேயே வித்தியாசமாகப் பட்டது. ஆனால் வித்தியாசம் என்னவென்று பிடிபடவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய ஒரு பின்னேரம், சுவாமியாரை முன்னால் விட்டு அப்பாவும் ஊர் ஆம்பிளைகளும் கொட்டகைக்குப் போனார்கள். நானும் முதலாளியின் மகளும் மேல்மாடியில் பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். கதவுகளை எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அந்த மண்டபத்தை நான் முன்பு பார்த்ததில்லை. சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல். திரை வெள்ளையே இல்லை, பழுப்பு.

"வாங்கோ சுவாமி. வாங்கோ மூப்பர். கதிரை போடட்டோ?" என்றார் முதலாளி.

"இருக்க வரேல்ல. பாக்க வந்தனாங்கள்" என்றார் அப்பா.

"பாருங்கோ, மூப்பர். வடிவாப் பாருங்கோ. கோயில் ஓர்கனை உங்களைவிடத் தெரிஞ்சவை ஆர் இருக்கினம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூட்டத்துக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. குற்றமில்லாதவன் கோபப்படுவான் என்று பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். கோபப்பட்டிருந்தால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது என்றிருப்பார்கள்.

சுவாமியார் கையை உயர்த்தினார். "மூப்பர், முதல்ல அடையாளத்தைச் சொல்லுங்கோ. பாத்த பிறகு சொல்லக்கூடாது."

"முன் பலகையில சிலுவை. ரெண்டு பக்கமும் குருத்தோலை."

மாமி ஓர்கனுக்குப் பக்கத்தில் நின்றாள். எவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கத்தியை எடுத்து மண்ணிறப் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். பெயின்ற் சுருள்சுருளாக விழுந்தது. எல்லாரும் கிட்டக் குனிந்தார்கள். முதலில் ஒரு கன்னம் தெரிந்தது.

"சம்மனசு!" என்று ஒருவர் கத்தினார். தேவதூதனை நம் சனம் அப்படித்தான் சொல்லும். சிலர் தலைத்துவாயை எடுத்தார்கள்.

அப்பா இன்னும் வேகமாகச் சுரண்டினார். கன்னத்துக்குப் பக்கத்தில் வாய் வந்தது. காதுவரை கிழிந்த சிரிப்பு. அதற்கு அருகே இன்னொரு முகம், அது அழுதது. இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்பு வாத்தியமும் கொடிமுந்திரிக் குலைகளும். நாடகக்காரர் போடுகிற முகமூடிகள் அவை. அப்படியொரு முகத்தை எந்தக் கோயிலிலும் செதுக்கமாட்டார்கள் என்பது மேலே நின்ற எங்களுக்கே விளங்கிவிட்டது.

"காணும், மூப்பர்" என்றார் சுவாமியார். "இது கோயில் சாமானில்லை. வாங்கோ போவம்."

அப்பா அசையவில்லை. விரலால் அந்தச் சிரிக்கிற வாயைத் தடவித் தடவிப் பார்த்தார், அதற்குக் கீழே வேறேதோ இருக்க வேண்டும் என்பதுபோல.

"பலகையை மாத்தியிருக்கினம்" என்றார். "உள்ளுக்குப் பாப்பம். பின்பக்கத்தைக் கழட்டுங்கோ."

அப்போதுதான் மாமி வாயைத் திறந்தாள். "ஐயா, பின்பக்கம் தொடாதீங்க. காத்துத் தோல் பழசு. கையால தொட்டாலே கிழியும். பிறகு இந்த ஊரில அதைத் தைக்க ஆளில்லை."

"ஏன், உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறாய்?"

ஆம்பிளைகள் சிரித்தார்கள். மாமி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலையாட்கள் ஓடிவந்து தடுத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பின்பலகையை அப்பாவே நெம்பினார். பலகையோடு ஒட்டிக் கிடந்த தோலும் சேர்ந்து வந்தது. அது கிழிந்த சத்தமும், உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பெரிய மாடு ஒன்று படுக்கும்போது விடுகிற மூச்சுப் போல. உள்ளே பித்தளை நாக்குகளும் தூசியும் ஒரு காய்ந்த பல்லியும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

மாமி வாங்கில் இருந்து மிதித்துப் பார்த்தாள். கட்டைகளை அழுத்தினாள். கால் சத்தம் மட்டும் கேட்டது. மூடியை மெல்லச் சாத்திவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகளுக்கும் நடுவால் நடந்து முன்கதவால் வெளியே போனாள். அவள் அந்தக் கதவால் போய் நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

உயிர்ப்பு ஞாயிறன்று கோயிலில் வாத்தியம் இல்லை. சுவாமியார் போய்க் கெஞ்சிக் கேட்டாராம், ஆர்மோனியத்தையாவது வாசிக்கச் சொல்லி. "பூசைக்கு வாறன் சுவாமி, வாசிக்க மாட்டன்" என்றாளாம். சொன்னபடி வந்தாள். புதுச் சேலை, கருநீலம். அவள் வந்து இருந்ததும் அந்த வாங்கிலிருந்த பெண்கள் எழும்பிப் பின்னால் போனார்கள். அப்போது என் அம்மா, மூப்பரின் பெண்சாதி, முன்வரிசையில் தனக்கிருந்த இடத்தை விட்டு எழும்பிப் போய் மாமிக்குப் பக்கத்தில் தோளோடு தோள் முட்ட இருந்தாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார். பிறகு கடைசிவரை பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவை அடிப்பாரோ என்று நான் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமி அந்தக் கிழமையே ரயிலேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி வந்த கதைகளுக்கு அளவில்லை: முதலாளி கொழும்பில் வீடு எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றார்கள், உண்மை வெளியே வந்துவிடும் என்று ஓடிவிட்டாள் என்றார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த புயல் கொட்டகைக் கூரையைத் தூக்கிப் போட்டது. மழை ஓர்கனுக்குள் இறங்கியது. கூரையைத் திருப்பிப் போட்டார்கள், ஓர்கனைத் திருப்ப முடியவில்லை. இடைவெளிகளில் இசைத்தட்டுப் போட்டார்கள். பிறகு கொட்டகை நெல்லுக்கிடங்கு ஆகியது, பிறகு ஆமிக்காரர் இருந்தார்கள், பிறகு எவரும் இல்லை. முதலாளியின் குடும்பத்தையும் தீவின் மற்ற முஸ்லிம் குடும்பங்களையும் இயக்கக்காரர் கைப்பையோடு வெளியேறச் சொன்ன அந்தக் கெட்ட காலத்தில், கொட்டகைச் சுவர்கள்தான் மிச்சம் நின்றன.

சண்டை நடந்த ஒரு வருடம் நாங்கள் மடுக்கோயில் வளவில் அகதிகளாகத் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அப்பா அதற்கு முன்பே செத்துவிட்டார். ஊரே கூடி மூப்பருக்கு நடத்திய பெரிய அடக்கம். ஒரு காலை அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அந்த ஓர்கன் களவு போகேல்ல, பிள்ளை."

எந்த ஓர்கன் என்று நான் கேட்கவில்லை.

"கறையான். அடிமுழுக்கத் திண்டுபோட்டுது. பின்னறைக் கூரை ஒழுகினதை உங்கட அப்பா கவனிக்கேல்ல. மேலிடத்தால பாக்க வருகினம் எண்டு தெரிஞ்சோடன பயந்துபோனார். வண்டியில ஏத்திக்கொண்டு போய்ச் சுண்ணாம்புச் சூளையில போட்டு எரிச்சுப்போட்டார்."

"அப்ப களவு எண்டது?"

"அது ஊர் சொன்னது. முதல் அவர் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. பிறகு ஓம் எண்டார்."

"எரிச்ச மனிசன் என்னத்துக்கம்மா கத்தியோட போய்ச் சுரண்டினவர்?"

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். "சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாப் போச்சு. அண்டைக்குச் சிலுவை இருக்கும் எண்டு நம்பித்தான் போனவர். வீட்டை வந்து என்னட்டைக் கேட்டவர், 'சிலுவை எங்க போச்சுது?' எண்டு. நான் என்ன சொல்ல?"

இவ்வளவும் எனக்குள்ளேயே கிடந்தது. முதலாளியின் மகள் புத்தளத்தில் இருந்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு திரும்பி வந்து தங்கள் காணியில் ஒரு சின்ன வீடு கட்டினாள் என்று கேள்விப்பட்டுச் சில வருடங்களுக்கு முன் பார்க்கப் போனேன். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. கொஞ்ச நேரம் அதைப் பேசினோம். பிறகு, அம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இருந்தாள்.

"வாப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சூளை ஆரின்ர எண்டு நினைச்சாய்? எங்கடதானே. சூளைக்காரன் அண்டைக்கே வந்து சொன்னவன், மூப்பர் பெட்டியொண்டைக் கொண்டுவந்து எரிச்சவர், சாம்பலுக்குள்ள பித்தளை உருகிக் கிடக்கு எண்டு."

"பின்ன ஏன் அவர் வாய் திறக்கேல்ல?"

"திறந்தா ஆர் நம்புறது? கள்ளன் தப்பிறதுக்குக் கதை சொல்லுறான் எண்டிருப்பினம். உங்கட அப்பாவே ஒருநாள் சொல்லுவார் எண்டு வாப்பா பாத்துக்கொண்டிருந்தவர். அண்டைக்குக் கத்தியை எடுத்த நேரமும், மனிசன் இப்ப நிப்பாட்டும், இப்ப நிப்பாட்டும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நிண்டவராம். தோல் கிழிஞ்ச பிறகுதான் அந்த நினைப்பு விட்டதாம்."

உள்ளே பேரப்பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்தார்கள். அவள் ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மாமிக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. வாப்பா அவவுக்குச் சொல்லேல்ல. மௌத்தாகிற வரைக்கும் அவருக்கு அதுதான் கவலை. தெரிஞ்ச நாங்கள் எல்லாரும் பேசாமல் இருந்தம், ஒண்டும் தெரியாத மனிசிதான் போகவேண்டி வந்தது எண்டு சொல்லுவார்."

அப்பா, அம்மா, முதலாளி. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அன்று மாமி முதலாளியைத் திரும்பிப் பார்த்த பார்வை என் நினைவில் வந்து நின்றது.

"அந்த மனிசி எங்க போனவ எண்டு உனக்கு ஏதும் தெரியுமோ?" என்று அவள் கேட்டாள்.

"உன்னட்டைக் கேப்பம் எண்டுதான் நான் வந்தனான்" என்றேன்.